காரை வீட்ட இடிக்காமயே பசுமையாக்கலாம், ஆனா வரிசை முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீடு மனை பக்கத்துல பசுமை வீடு பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, மாடி பூரா சோலார், சுவத்துல தொங்குற செடி, காருக்கு சார்ஜர், பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல். ஆனா அம்புட்டும் புது வீடு. பழைய வீடு வச்சிருக்கவுகளுக்கு அதுல இருந்தது ரெண்டே வரி, அதுவும் இடிச்சுட்டுக் கட்டுறதுதான் புத்திசாலித்தனம்ங்கிற தொனியில. தெப்பக்குளத்தச் சுத்தி, கீழவாசல், சிம்மக்கல்னு மதுரைக்குள்ள சுண்ணாம்புச் சாந்துல கட்டுன பழைய காரை வீடு இன்னும் எத்தனையோ நிக்கிது, வெளிய சோழவந்தான், மேலூர், திருமங்கலம் பக்கம் போனா இன்னும் ஜாஸ்தி, அதுல குடியிருக்கவுக என்ன செய்யணும்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறாகளேன்னுதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க.

நாங்க இருக்கது தெப்பக்குளம் பக்கம், எங்க தாத்தா கட்டுன வீடு. முன்னாடி திண்ணை, நடுவுல முத்தம், பின்னாடி கிணறு, கொல்லையில ஒரு வேம்பு, ரெண்டு தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, அம்மா வச்ச மல்லிச் செடி. கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைய வரிசையா போட்டு அதுமேல செங்கல்ல நெட்டுக்குத்தா நிப்பாட்டி சுண்ணாம்புல பிடிச்ச கூரை. நான் பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவ, அம்மாவும் நானும்தான் இங்க, தம்பி பெங்களூர்ல. அவன் லீவுக்கு வர்றப்பல்லாம் பில்டர்கிட்ட குடுத்துரலாம்ங்கிற பேச்சுதான், "ஏக்கா, இதுக்கு மராமத்து பாக்குற காசுல ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸே குடுத்துரலாம்"ங்கிறான். அம்மா காதுலயே வாங்கமாட்டாக. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் உக்காந்து கணக்கு போட்டேன், பேங்க்ல இருந்த புத்தி அம்புட்டு சீக்கிரம் போகுமா.

கணக்கு போட்டுப் பாத்ததுல எனக்குப் பட்டது இதுதான். பழைய வீட்டுக்கு புதுசா வாங்க வேண்டியது ரொம்பக் கம்மி, இருக்கதச் சரி பண்ண வேண்டியதுதான் ஜாஸ்தி, அதுலயும் ஒரு வரிசை இருக்கு: மொதல்ல தண்ணி, அடுத்து சூடு, அப்புறம் கரண்டு செலவக் குறைக்கிறது, கடைசியிலதான் சோலார். நம்ம ஆளுங்க இத அப்படியே கடைசியில இருந்து ஆரம்பிக்கிறாக. ஏன்னா சோலாருக்கு மானியம் இருக்கு, விளம்பரம் இருக்கு, போன் போட்டு "மேடம் உங்க பில் எவ்வளவு வருது"ன்னு கேக்க ஆள் இருக்கு. ஒழுகுற கூரைக்கு யாரு போன் பண்ணுவா.

தண்ணிக் கணக்கச் சொல்றேன். மதுரைக்கு வருசத்துக்கு சராசரியா 850 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பேஞ்சா ஒரு லிட்டர், அம்புட்டுதான் சூத்திரம். எங்க மாடி 1,200 சதுர அடி, 111 சதுர மீட்டர் சொச்சம் வருது, அப்ப வருசத்துக்கு 94,000 லிட்டர் எங்க தலைக்கு மேல விழுகுது. காஞ்சு போறது, மொத மழையில மாடிய கழுவி வெளிய விடுறதுன்னு அஞ்சுல ஒரு பங்கு கழிச்சுட்டாக்கூட 75,000 லிட்டர் கையில நிக்கும். 12,000 லிட்டர் லாரின்னா ஆறு லாரித் தண்ணி. சித்திரையில லாரிக்காரருக்கு போன் போட்டு போட்டு கெஞ்சுற தண்ணி, ஐப்பசில நம்ம மாடிக் குழாய் வழியா தெருவுக்கு ஓடி சாக்கடையில சேந்துக்கிட்டு இருக்கு, அத நாம குடை பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு இருக்கோம்.

மழைநீர் சேகரிப்பு எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம்னு தமிழ்நாட்டுல சட்டம் போட்டது 2003ல. அப்ப அவசர அவசரமா எல்லாரும் பைப்பு வச்சாக, எங்க தெருவுலயும் வச்சாக. இன்னைக்கு அந்தப் பைப்பு கீழ எங்க போய் முடியிதுன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்குத் தெரியாது. சில வீட்டுல மண்ணுக்குள்ள ஒரு அடி இறங்கி நிக்கிது, சில வீட்டுல அதுமேலயே சிமெண்டு தளம் போட்டுட்டாக, ஒரு வீட்டுல பைப்பு பாதியில உடைஞ்சு அதுல அரசங்கன்னு முளைச்சிருக்கு. சட்டத்துக்கு பைப்பு இருந்தா போதும், தண்ணிக்கு வழி இருந்தாத்தான் உள்ள போகும்.

கிணறு இருக்கவுக உண்மையிலேயே கொடுத்து வச்சவுக, தனியா குழி வெட்ட வேண்டியதே இல்ல. எங்க வீட்டுல மாடியில இருந்து வர்ற ரெண்டு குழாயையும் ஒண்ணாச் சேத்து, கிணத்துக்குப் பக்கத்துல ஒரு தொட்டி கட்டி, அடியில பெரிய கூழாங்கல்லு, அதுமேல சின்ன ஜல்லி, கரி, மேல ஆத்து மணல்னு போட்டு அதுவழியா வடிஞ்சு கிணத்துக்குள்ள போற மாதிரி செஞ்சோம். தொட்டிக்கு முன்னாடியே ஒரு வால்வு. சீசன்ல மொத ரெண்டு மழைக்கு அதத் தெறந்து விட்டுறணும், ஏன்னா மாடியில காக்கா எச்சம், புறா எச்சம், வேப்ப இலை, தீபாவளி வெடிக் குப்பை எல்லாம் கிடக்கும். கொத்தனார் ஒருத்தர், நிமிந்தாள் ஒருத்தர், பிளம்பர், அம்புட்டுதான் ஆள் செலவு. மணல வருசா வருசம் புரட்டாசில அள்ளிக் கழுவிப் போடணும், அதைச் செய்யாமத்தான் நிறைய வீட்டுல தொட்டி அடைச்சுக்கிட்டு "இதெல்லாம் வேஸ்ட்டு"ன்னு விட்டுர்றாக. செப்டிக் டேங்க் கிணத்துக்கு ரொம்ப ஒட்டி இருந்தா மட்டும் யோசிக்கணும், 50, 60 அடியாவது தள்ளி இருக்கணும்பாக, டவுனுக்குள்ள அது எல்லாருக்கும் முடியாது, அப்படி இருக்க வீட்டுல கிணத்துத் தண்ணிய தோட்டத்துக்கும் துவைக்கவும் மட்டும் வச்சுக்கங்க, குடிக்க வேணாம்.

இது ஒரு வீட்டுல செஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேப்பாக, தம்பியும் கேட்டான். தெப்பக்குளத்தப் பாத்தா பதில் தெரியும். 1645ல திருமலை நாயக்கர் வெட்டுன குளம், நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்பல்லாம் பெரும்பாலும் காஞ்சுதான் கிடக்கும், பயலுக உள்ள இறங்கி கிரிக்கெட் வெளாடுவாய்ங்க, தைப்பூசத் தெப்பத்துக்கு தண்ணிக்கு அல்லாடுவாக. வைகையில இருந்து வர்ற பனையூர் வாய்க்கால தூர்வாரி தண்ணி விட்டதுக்கப்புறம் குளம் நிறைஞ்சு நிக்கிது, சுத்துல இருக்க எங்க கிணத்துலயும் போர்லயும் தண்ணி மேல வந்துருச்சு. மண்ணுக்குள்ள விட்ட தண்ணி எங்கயும் ஓடிப்போயிறல, பக்கத்து வீட்டுக் கிணத்துலதான் நிக்கிது. கீழடியில மண்ணுக்குள்ள இருந்து உறைகிணறு எடுத்தத வரிசையில நின்னு போட்டோ எடுத்துட்டு வர்றோம், வீட்டுக்கு வந்து இருக்க கிணத்துல குப்பையக் கொட்டி மூடுறோம்.

அதுக்கு நேர்மாறா இன்னொண்ணையும் பாத்தோம். 2024 அக்டோபர் 25ந்தேதி பேஞ்ச மழையில செல்லூர்ல பந்தல்குடி வாய்க்கால் பொங்கி வீடு வீடா தண்ணி புகுந்துச்சே, அன்னைக்கு எல்லாரும் வாய்க்கால தூர்வாரலன்னு திட்டுனோம், திட்ட வேண்டியதுதான், நான் இல்லைங்கல. ஆனா அந்தத் தண்ணி வானத்துல இருந்து நேரா வாய்க்காலுக்குள்ள மட்டும் விழுகல. ஊர்ல இருக்க ஒவ்வொரு மாடியில இருந்தும், ஒவ்வொரு பேவர் பிளாக் போட்ட வாசல்ல இருந்தும் ஒரே நேரத்துல ஓடி வந்த தண்ணி அது. நம்ம வீட்டு 1,200 சதுர அடியில 5 சென்டிமீட்டர் மழை பேஞ்சா 5,500 லிட்டர், அது நம்ம கிணத்துக்குள்ள போயிருந்தா யாரோ ஒருத்தர் வீட்டு அடுப்படிக்குள்ள போயிருக்காது.

பேவர் பிளாக்னு சொன்னதும் எனக்குக் கோவம் வருது, அதையும் சொல்லிர்றேன். எங்க தெருவுல கொல்லை இருக்க வீட்டுல எல்லாம் ஒண்ணு சிமெண்ட் தளம் இல்ல பேவர் பிளாக். கேட்டா, இலை விழுகுது, கூட்ட முடியல, பூச்சி வருதுங்கிறாக. இலை விழத்தான் செய்யும், மரம்னா. மண்ணு மூடுனதுக்கப்புறம் அதே வீட்டுல சாயங்காலம் ஏழு மணிக்கும் வாசல்ல கால் வைக்க முடியல, அனல் அடிக்கிது, உடனே ஏசி. கூட்டுன இலைய என்ன செய்றாகன்னா காலங்காத்தால தெரு முக்குல குவிச்சு தீ வச்சுர்றாக, எங்க அம்மா மாதிரி வீசிங் இருக்கவுக அன்னைக்கு பூரா ஜன்னலச் சாத்திக்கிட்டு உள்ள கிடக்கணும்.

இலைய எரிக்கவே வேணாம். தென்னைக்கும் முருங்கைக்கும் அடியில ஒரு சாண் கனத்துக்கு மூடாக்கா போட்டா போதும், வெயில் மண்ணுல படாது, தண்ணி பாதி போதும். தென்னைக்கு கோடையில ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல வேணும், அத கிணத்துல இருந்து இறைச்சுக்கிட்டு இருந்தா கட்டுபடியாகாது, அதுனால நாங்க குளிக்கிற தண்ணிய அப்படியே திருப்பி விட்டிருக்கோம். பாத்ரூம்ல இருந்து வர்ற தண்ணி மொதல்ல ஒரு சின்னப் பாத்தியில கல்வாழையும் சேம்பும் நட்டிருக்கு அதுல நிக்கும், அதுல தெளிஞ்சு வாழைக்கும் தென்னைக்கும் போகும். கக்கூஸ் தண்ணி இதுல சேரக்கூடாது, பாத்திரம் கழுவுற தண்ணில எண்ணெய் இருக்கும் அதுவும் ஆகாது. துணி தொவைக்கிற தண்ணிய தினமும் விட்டா மண்ணு இறுகிப் போகும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடலாம். தேங்கா மட்டைய காசு குடுத்து ஆள விட்டு அள்ளிட்டுப் போகச் சொல்றவுகளப் பாத்தா சிரிப்பா வரும், அத தென்னையச் சுத்தி குழி எடுத்து குழிஞ்ச பக்கம் மேல பாத்த மாதிரி அடுக்கி மண்ணப் போட்டு மூடுங்க, மழைத் தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிட்டு மாசக்கணக்குல கசிய விடும். அடுப்படிக் கழிவுக்கு ரெண்டு ஓட்டைப் பானை, ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு மூணு பங்கு காஞ்ச இலை, அதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணும் இல்ல, நாத்தம் வந்தா இலை பத்தலைன்னு அர்த்தம்.

தம்பி பொண்டாட்டி ஆசையா கேட்டா, "மதினி, பின்னாடி புல்தரை போட்டா பிள்ளைக வெளையாடுமே"ன்னு. மதுரை வெயிலுக்கு லான் வளக்குறதும் தினம் ஒரு குடம் பாலக் கீழ ஊத்துறதும் ஒண்ணுதான், பிள்ளைகளுக்கு வேப்ப மர நிழல் போதும்னு சொல்லிட்டேன், கொஞ்சம் முகம் சுளிச்சுச்சு. மல்லி மட்டும் அம்மாவுக்காக. மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு குடுத்தாக, பெருமைதான், ஆனா மார்க்கெட்டுக்கு வர்ற பூவுக்கு மொட்டுப்புழுவுக்குன்னு அடிக்கிற மருந்தப் பத்தி விவசாயிககிட்டயே கேட்டுப் பாருங்க. வீட்டுச் செடிக்கு லிட்டர் தண்ணில 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டும் கலக்குறதுக்கு கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலமா தெளிச்சா போதும். கார்த்திகை வாக்குல நல்லா கவாத்து பண்ணி விட்டுறணும், அம்மாவுக்கு மனசே வராது, நாந்தான் வெட்டுவேன்.

டெங்கு செக் பண்ண வர்ற மாநகராட்சி ஆளுக கிணத்தப் பாத்ததும் மூடச் சொல்லுவாக, அவுகளக் குத்தம் சொல்ல முடியாது. கொசுவலை கட்டி கம்பி மூடி போட்டாச்சு, கிணத்துல மீனும் விட்டிருக்கோம். கம்பூசியா மீனு கொசுப்புழுவத் திங்கும்னு அவுகளே குடுப்பாக, நல்லதுதான், ஆனா அத மிச்சம் இருக்குன்னு கம்மாயிலயோ வாய்க்கால்லயோ கொண்டு போய் விட்டுறாதீங்க, நம்ம நாட்டு மீனுக் குஞ்சையும் அது விடாது.

அடுத்து சூடு. இதுலதான் நம்ம கொத்தனார்களும் இன்ஜினியர்களும் பழைய வீடுகளக் கெடுக்குறாக. எங்க கூரை ரெண்டு எடத்துல ஒழுகுச்சு, ஒரு கான்ட்ராக்டர் வந்து மேல ஏறி காலால ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு, "இது பூரா போச்சும்மா, மேல ரெண்டு இஞ்சு கான்கிரீட் போட்டுரலாம், அம்பது வருசத்துக்கு கவலையில்ல"ன்னாரு. நான் கணக்கு போட்டேன். 1,200 சதுர அடிக்கு ரெண்டு இஞ்சு கான்கிரீட்னா 13 டன்னுக்கு மேல வருது. அந்த 13 டன்னையும் தாத்தா காலத்து தேக்குக் கட்டை தலையில ஏத்தி வச்சுட்டு கீழ அம்மாவ படுக்கப் போடச் சொல்றாரு. நல்லவேளை ஒரு வயசான கொத்தனார் கிடைச்சாரு, கோயில் சுதை வேலைக்கு, அதாவது சுண்ணாம்புச் சாந்துல சிலை செய்யிற வேலைக்குப் போயிட்டு இருந்தவரு. அவரு மொதல்ல கட்டையோட நுனி சுவத்துக்குள்ள போற எடத்தத்தான் பாத்தாரு, கரையான் இருந்தா அங்கதான் இருக்குமாம். கட்டை கல்லு மாதிரி இருந்துச்சு. மேல உடைஞ்ச தட்டு ஓட்ட மட்டும் எடுத்துட்டு, முளைச்சிருந்த ஆலங்கன்ன வேரோட பிடுங்கி, அந்த எடத்துல மட்டும் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு கட்டையால அடிக்க விட்டாரு. அடிக்கிறதுலதான் எல்லாம் இருக்குங்கிறாரு, அவசரப்பட்டா அப்புறமா வெடிப்பு விட்டுருமாம். பொருளுக்கு ஆன செலவு கம்மி, கூலிதான் ஜாஸ்தி, ஆனா அந்தக் கூலி நம்ம ஊர்க்காரவுக கைக்குப் போச்சு. வேலை முடிஞ்சதும் மாடி பூரா வெள்ளச் சுண்ணாம்பு அடிச்சோம், அதுலயே கீழ ரெண்டு மூணு டிகிரி குறையும், ராத்திரி படுத்தா வித்தியாசம் தெரியிது.

சுவரும் அதே கதைதான். காரைச் சுவரு ஈரத்த உள்ள வாங்கி வெளிய விடும், அதுமேல சிமெண்ட் பூசிட்டா வாங்குன ஈரம் வெளிய போக வழியில்லாம ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், பெயிண்ட் பத்தை பத்தையா உதிரும், உடனே டேம்ப் ப்ரூஃப்னு ஒரு டப்பா வாங்கி அதுமேலயும் அடிப்போம், மறு வருசம் ஒரு அடி மேல போய் அதே ஓதம். சிமெண்ட கொத்தி எடுத்துட்டு ஊறவச்ச சுண்ணாம்புலயே திரும்பப் பூசுனா நிக்கிது, எங்க பூஜை ரூம் சுவரு அப்படித்தான் காஞ்சுச்சு. திருமலை நாயக்கர் மஹாலு 1636ல சுண்ணாம்புச் சாந்துல பூசுனது, பளபளன்னு இன்னும் நிக்கிது, டூரிஸ்ட்டுக்கு அதத்தான் காமிக்கிறோம். சிமெண்ட் செய்ய சூளையில 1,450 டிகிரி சூடு வேணும், சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும், சுண்ணாம்பு காயும்போது காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைடுல ஒரு பங்கத் திரும்ப இழுத்துக்கவும் செய்யும். உலகத்துல மனுசன் விடுற கார்பன் டை ஆக்சைடுல சுமாரா 8 சதவீதம் சிமெண்ட்டால மட்டும் வருதாம். இதத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, நிக்கிற ஒரு வீட்ட இடிச்சு, இடிச்ச செங்கலையும் காரையையும் லாரியில அள்ளி ஏதாவது கம்மாக்கரையில கொட்டிட்டு, புதுசா சிமெண்டும் கம்பியும் வாங்கிக் கட்டி அதுமேல ஒரு சோலார் தட்ட வச்சு அதுக்குப் பசுமை வீடுன்னு பேர் வச்சா எப்படிங்க?

முத்தத்தப் பத்தியும் ஒரு வார்த்தை. திருட்டு பயம், மழைச் சாரல், புறா, எல்லாத்துக்கும் சேத்து ஊர் பூரா முத்தத்துக்கு மேல பிளாஸ்டிக் ஷீட்டு போட்டு அடைச்சுட்டாக. வீட்டுச் சூடு மேல ஏறிப் போற வழியே அதுதான், அத அடைச்சா திண்ணையில இருந்து வர்ற காத்து உள்ள நுழையவே நுழையாது. இரும்பு கிரில் போதும் திருடனுக்கு. ஷீட்டு போட்டே ஆகணும்னா ரெண்டடி உசத்தி நாலு பக்கமும் தெறந்து வைங்க.

கரண்டு விசயம் சட்டுனு முடிச்சுர்றேன். பழைய ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும், இப்ப வர்ற பி.எல்.டி.சி ஃபேன் 30 வாட்ஸ் சுமாருதான். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுற அஞ்சு ஃபேன மாத்துனா ரெண்டு மாசத்துக்கு 162 யூனிட் மிச்சம், நானே போட்ட கணக்கு, நீங்களும் போட்டுப் பாருங்க. நம்ம ஊரு பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, மொத 100 யூனிட் இலவசம், 500 தாண்டிட்டா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் இல்லாம கீழ இருக்க யூனிட்டுக்கும் சேத்து ரேட்டு மாறிரும், அதுனால 550, 600னு வர்ற வீடுகளுக்கு ஃபேன மாத்துறதே பெரிய லாபம். சோலார் போடாமயே பில்லு விழுந்துரும்.

அப்படிக் குறைச்சதுக்கப்புறம் சோலார் போடுங்க, நான் வேணாங்கல. 2024 பிப்ரவரில ஆரம்பிச்ச மத்திய அரசு திட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு நாலு யூனிட் சுமாருக்குக் குடுக்கும், ரெண்டு மாசத்துக்கு 240. எங்க மாதிரி சிக்கனமா ஓட்டுற வீட்டுக்கு ஒண்ணே போதும், ஆனா வர்ற ஏஜென்ட் எல்லாரும் மூணு கிலோவாட்டுலதான் பேச்ச ஆரம்பிக்கிறாக. பழைய கூரையில போடுறவுக ரெண்டு விசயம் கேட்டுக்கங்க. ஸ்டாண்டுக்கு காரைத் தளத்துல ஓட்டை போட விடாதீங்க, சுவத்து மேல பாரம் இறங்குற மாதிரி சேனல் போட்டு நிப்பாட்டச் சொல்லுங்க. ரெண்டாவது, பேட்டரி இல்லாத சோலார் கரண்டு போனா வேலை செய்யாது, வெயில் எப்படி அடிச்சாலும் நின்னுரும், லைன்ல வேலை பாக்குறவுக உயிருக்காக அப்படித்தான் வச்சிருக்காக. இத சொல்லாமயே வித்துட்டுப் போயிர்றாக, பக்கத்து வீட்டு சார் இன்வெர்ட்டர எடைக்குப் போட்டுட்டு இப்ப கரண்டு போறப்ப விசிறியோட உக்காந்திருக்காரு.

இப்ப அரசாங்கத்துக்கும் மாநகராட்சிக்கும். சோலாருக்கு மானியம் குடுக்குறீங்க, சந்தோசம், ஆனா ஒரு கிணத்த தூர்வார, காரைக் கூரைய காரையிலயே சரி பண்ண, ஒத்தப் பைசா கிடையாது. வீட்டு மராமத்து லோன் கேட்டா பேங்க்ல இன்ஜினியர் எஸ்டிமேட் கேப்பாக, அந்தச் சீட்டு கேட்டு எத்தனை பேர நானே திருப்பி அனுப்பியிருக்கேன், விதி அது. எஸ்டிமேட் போடுறவருக்கு சிமெண்ட்டத் தவிர வேற தெரியாது, அப்ப சுண்ணாம்பு வேலைக்கு லோன் எங்க இருந்து வரும். கோபுரத்துல சுதை வேலை பாக்குற ஆளுங்க நம்ம ஊர்லயேதான் இருக்காக, கோயில் வேலை இல்லாத மாசத்துல கூப்பிட்டா வீட்டு வேலைக்கும் வருவாக, ஆனா அவுகள எங்க போய்த் தேடுறது, எனக்குக் கிடைச்சவரு சும்மா அதிர்ஷ்டத்துல கிடைச்சாரு. ஐடிஐயில கட்டட வேலை படிக்கிற பயலுகளுக்கு இவுகள வச்சு சுண்ணாம்பு வேலையும் ஒரு பாடமா சொல்லிக்குடுத்தா அவுகளுக்கும் பொழப்பு, நமக்கும் வீடு மிஞ்சும்.

மழைநீருக்கு புதுச் சட்டம் எதுவும் கேக்கல, 2003ல போட்டதே போதும். செப்டம்பர்லயே வீடு வீடாப் போயி மாடிப் பைப்பு கீழ எங்க முடியிதுன்னு ஒரு வாளித் தண்ணிய ஊத்திப் பாக்கச் சொல்லுங்க, தெருவுக்கு வந்தா நோட்டீஸ், கிணத்துக்கோ குழிக்கோ போனா வீட்டு வரியில ஏதாவது தள்ளுபடி. தனியா ஆளு போட வேணாம், டெங்குக்கு வர்றவுகதான் எப்படியும் கொல்லை வரைக்கும் வந்து தொட்டிய எட்டிப் பாக்குறாக, அப்படியே மாடியையும் பாத்துட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தெப்பக்குளம், மதுரை.